கரையில் நிற்பவர்களின் போட்டி: ஆக்ஸ்போர்டு – கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியும் அதன் பார்வையாளர்களும்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் துடுப்புப் படகு அணிகள் லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மீது ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பந்தயமே 'போட் ரேஸ்' எனப்படும் படகுப் போட்டியாகும். 1829இல் முதன்முறை நடந்த இப்போட்டி 1856 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. இரண்டு உலகப் போர்களின் ஆண்டுகளிலும், கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020லும் மட்டுமே அது தடைப்பட்டது. ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய ஒரு நாளில், சுமார் 6.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றுப் பாதையின் இரு கரைகளிலும் மக்கள் திரள்கின்றனர். இவர்களின் எண்ணிக்கை இரண்டரை இலட்சம் வரை இருக்கும் என மதிப்பிடப்படுவதுண்டு.

இப்போட்டியின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. படகில் அமர்ந்தவர்களின் பெயர்களும், எடுத்துக்கொண்ட நேரமும், வென்ற இடைவெளியும் அதில் இருக்கும். கரையில் நின்றவர்களைப் பற்றி அதிகம் இருக்காது. ஆனால் போட்டி எங்கே நடக்க வேண்டும், எப்படி முடிவு சொல்ல வேண்டும், யார் துடுப்புப் போடலாம் என்பனவற்றையெல்லாம் கரையில் கூடிய கூட்டமும் சேர்ந்தே தீர்மானித்து வந்துள்ளது. இக்கட்டுரை அந்தக் கூட்டத்தின் வழியாக இப்போட்டியின் வரலாற்றைப் பார்க்கிறது.

ஹென்லியில் தொடக்கம்

சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், சார்லஸ் மெரிவேல் என்ற இருவரும் ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். முன்னவர் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன், ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். பின்னவர் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே 1827இல் நடந்த முதல் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் வேர்ட்ஸ்வொர்த்தே காரணமாக இருந்தார். அடுத்ததாக நண்பர்கள் படகுப் போட்டியைப் பற்றிப் பேசினர். 1829 மார்ச் மாதத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு முறைப்படி ஒரு சவால் அனுப்பப்பட்டது. லண்டனிலோ அதன் அருகிலோ, எட்டுத் துடுப்புப் படகில், ஈஸ்டர் விடுமுறையில் மோதலாம் என்பதே அந்தச் சவால்.

போட்டி அந்த விடுமுறையில் நடக்கவில்லை. 1829 ஜூன் 10 அன்று, லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையிலுள்ள ஹென்லி என்ற சிற்றூரில் நடந்தது. ஹாம்பில்டன் மதகிலிருந்து ஹென்லி பாலம் வரை ஆற்றை எதிர்த்துப் படகுகள் சென்றன. முதல் முயற்சியில் இரு படகுகளும் உரசிக்கொண்டதால் மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு எளிதாக வென்றது. அன்று ஆக்ஸ்போர்டு வென்ற படகு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அன்று ஹென்லியில் சுமார் 20,000 பேர் கூடியதாகச் சொல்லப்படுகிறது. தொடர்வண்டி இன்னும் வந்திராத காலம் அது. குதிரை வண்டிகளிலும் நடந்தும் மக்கள் வந்தனர். படகுப் போட்டி நடந்தால் ஊருக்குள் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கடைகளும் விடுதிகளும் நிறையும் என்பதை ஊரார் கண்டுகொண்டனர். பத்தாண்டுகள் கழித்து, 1839இல், ஹென்லி ஊரார் தங்களுக்கென ஒரு படகு விழாவைத் தொடங்கினர். இன்று உலகப் புகழ்பெற்ற ஹென்லி படகு விழா அதுவே.

லண்டனை நோக்கி

அடுத்த போட்டி ஏழு ஆண்டுகள் கழித்தே நடந்தது. எங்கே நடத்துவது என்பதில் இரு தரப்பினருக்கும் ஒப்புதல் ஏற்படாததே தாமதத்துக்கு முக்கியக் காரணம். 1836இல் லண்டன் நகரின் நடுவே, வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பட்னி வரை போட்டி நடந்தது. கேம்பிரிட்ஜ் படகின் முனையில் ஒரு வெளிர்நீலப் பட்டுநாடா கட்டப்பட்டது அப்போதுதான். அதுவே பின்னர் கேம்பிரிட்ஜின் நிறமாயிற்று. ஆக்ஸ்போர்டுக்குக் கருநீலம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அன்று லண்டனின் பரபரப்பான நீர்வழிகளில் ஒன்று. சரக்குப் படகுகள், பயணிகள் தோணிகள், நீராவிப் படகுகள் எல்லாம் அங்கே நெருக்கியடித்தன. போட்டியைப் பார்க்க வந்த படகுகளும் சேர்ந்துகொண்டால் பந்தயப் படகுகளுக்கு வழியே இருக்காது. ஆகவே 1845இல் போட்டி, அப்போது கிராமமாக இருந்த பட்னிக்கு மாற்றப்பட்டது. பட்னியில் தொடங்கி மார்ட்லேக்கில் முடியும் அந்தப் பாதையே இன்றுவரை தொடர்கிறது. கூட்டத்திலிருந்து விலகித்தான் போட்டி பட்னிக்குப் போனது. கூட்டம் அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போயிற்று.

பாதையும் ஓதமும்

பட்னி முதல் மார்ட்லேக் வரையிலான பாதையின் நீளம் 4 மைல் 374 கெஜம். லண்டன் பகுதியில் தேம்ஸ் ஆறு கடல் ஓதத்துக்கு உட்பட்டது. ஓதம் ஏறும்போது ஆற்று நீர் கடலிலிருந்து மேல்நோக்கிப் பாயும். போட்டி அந்த ஏறும் நீரோடு சேர்ந்து நடத்தப்படுகிறது. உயர் ஓதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பாகப் படகுகள் புறப்படுகின்றன. எனவே போட்டி தொடங்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஒவ்வொரு படகிலும் எட்டுத் துடுப்பாளர்களும் 'காக்ஸ்' எனப்படும் ஒரு சுக்கானியும் இருப்பர். துடுப்பாளர்கள் எட்டுப் பேரும் படகின் பின்புறத்தைப் பார்த்தே அமர்ந்திருப்பார்கள். முன்னால் வருவதைப் பார்த்துப் படகைச் செலுத்துபவர் சுக்கானி ஒருவரே. நீரோட்டம் மிக வேகமாக இருக்கும் ஆழமான தடத்தில் படகை வைத்திருப்பது அவரது வேலை. அந்தத் தடத்தை இரு சுக்கானிகளுமே விரும்புவதால் துடுப்புகள் மோதிக்கொள்வதுண்டு. நடுவர் பின்னால் ஒரு விசைப்படகில் வந்து, கொடியசைத்து அணியின் பெயரைச் சொல்லி எச்சரிப்பார்.

போட்டிக்கு முன்பு நாணயம் சுண்டிப் பக்கம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வடகரையை ஒட்டிய பக்கம் 'மிடில்செக்ஸ்', தென்கரையை ஒட்டிய பக்கம் 'சரே'. ஆறு மூன்று முறை வளைகிறது. முதல் வளைவும் கடைசி வளைவும் மிடில்செக்ஸ் பக்கத்துக்குச் சாதகம். நடுவிலுள்ள நீண்ட வளைவு சரே பக்கத்துக்குச் சாதகம். எனவே ஒரு படகு முன்னால் செல்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த வளைவு யாருக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கரையில் நிற்பவர் என்ன பார்க்கிறார்?

போட்டியைப் பார்க்க நுழைவுச்சீட்டு கிடையாது. படகு மன்றங்களும் மதுவிடுதிகளும் தங்கள் இடத்தில் தனி ஏற்பாடுகள் செய்வதுண்டு. ஆனால் ஆற்றோரப் பாதைகளும் பாலங்களும் பூங்காக்களும் பொதுவானவை. பட்னி பாலம், ஃபுல்ஹாமிலுள்ள பிஷப்ஸ் பூங்கா, ஹாமர்ஸ்மித் பாலத்தை ஒட்டிய கரை, சிஸ்விக், பார்ன்ஸ், மார்ட்லேக் ஆகியவை கூட்டம் சேரும் இடங்கள். விவரம் தெரிந்தவர்கள் பல மணி நேரம் முன்பே வந்து இடம் பிடிக்கின்றனர். ஓதம் ஏற ஏறச் சில இடங்களில் நடைபாதைமீதே தண்ணீர் வந்துவிடும். புதிதாக வருபவர்கள் அப்போதுதான் காலணியைக் கழற்றுவார்கள்.

இவ்வளவு காத்திருப்புக்கும் கிடைக்கும் காட்சி மிகச் சிறியது. ஆண்கள் போட்டியின் சாதனை நேரம் 16 நிமிடம் 19 நொடி. 1998இல் கேம்பிரிட்ஜ் நிகழ்த்தியது. அதாவது மணிக்குச் சராசரியாக 25 கிலோமீட்டர் வேகம். ஆற்றின் வளைவில் 400 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பவர், படகுகளை ஏறத்தாழ ஒரு நிமிடமே பார்க்க முடியும். முதலில் தொலைவில் ஆரவாரம் கேட்கிறது. அது கரை வழியாக நெருங்கி வருகிறது. தலைக்குமேல் தொலைக்காட்சி ஹெலிகாப்டர் தெரிகிறது. பிறகு இரண்டு ஒல்லியான படகுகள், பதினாறு துடுப்புகள், சுக்கானிகளின் குரல். அவற்றின் பின்னால் நடுவர், பயிற்சியாளர்கள், செய்தியாளர்கள், காவல் துறையினர் ஆகியோரின் விசைப்படகுகள். அவை எழுப்பிய அலைகள் கரையில் வந்து மோதும்போது போட்டி அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும்.

தொடக்கத்தைப் பார்த்தவர் முடிவைப் பார்ப்பதில்லை. முடிவைப் பார்த்தவர் ஹாமர்ஸ்மித்தில் என்ன நடந்தது என அறிவதில்லை. முழுப் போட்டியையும் எந்தப் பார்வையாளரும் கரையிலிருந்து பார்த்தது கிடையாது. இந்தக் குறையே பின்னாளில் இப்போட்டியை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றதாக்கியது.

விக்டோரியா காலத்துத் திருவிழா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்டி நாள் லண்டன் மக்களின் திருவிழா நாளாக இருந்தது. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்களும் ஒரு நிறத்தைத் தங்கள் நிறமாக எடுத்துக்கொண்டனர். வாடகை வண்டிக்காரர்கள் சாட்டையில் நாடா கட்டினர். கடைப் பெண்கள் சட்டையில் நாடா குத்தினர். கரையில் தின்பண்டக்காரர்களும் வித்தைக்காரர்களும் கடை விரித்தனர். பந்தயப் பணம் கைமாறியது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே, எழுத்தாளர் பிளான்சர்ட் ஜெரால்டுடன் சேர்ந்து 1872இல் வெளியிட்ட லண்டன் பற்றிய நூலில் இப்போட்டியின் கூட்டத்தையும் வரைந்துள்ளார்.

கூட்டம் கரையோடு நிற்கவில்லை. கட்டணம் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்ட நீராவிப் படகுகள் பந்தயப் படகுகளைத் தொடர்ந்து விரைந்தன. அவை எழுப்பிய அலையில் பந்தயப் படகுகள் தத்தளித்தன. சிக்கல் முற்றியபின் அவற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. நடுவரையும் செய்தியாளர்களையும் ஏற்றிய சில படகுகளே பின்தொடர அனுமதி பெற்றன.

இந்தத் திருவிழாவுக்கு ஒரு முரணும் உண்டு. தேம்ஸ் ஆற்றில் மிகச் சிறந்த படகோட்டிகள், படகோட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட தொழிலாளர்கள். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களிலும் படகு கட்டியவர்களிலும் பலர் இவர்களே. ஆனால் 1879இல் ஹென்லி விழாவும், 1882இல் அமைந்த தன்னார்வப் படகோட்டச் சங்கமும் வகுத்த விதிகள் கைவினைஞர்களையும் கூலித் தொழிலாளர்களையும் 'தன்னார்வ வீரர்' என்ற பெயருக்கே தகுதியற்றவர்கள் ஆக்கின. உடலுழைப்புச் செய்பவருக்கு இயல்பிலேயே கூடுதல் பலம் உண்டு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1930களின் இறுதி வரை இந்தத் தடை நீங்கவில்லை. கரையில் நாடா கட்டி ஆரவாரித்த வண்டிக்காரரும் தச்சரும் துடுப்பைத் தொட்டால், அந்த விதிகளின் கண்ணில் அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர்.

பாலம் தாங்குமா?

பாதையின் நடுவே அமைந்த ஹாமர்ஸ்மித் பாலம் போட்டியைப் பார்ப்பதற்கு மிகச் சிறந்த இடம். பாலத்தை முன்னணியில் கடக்கும் படகே பெரும்பாலும் வெல்கிறது என்பதால் அங்கே கூட்டம் அதிகம். வில்லியம் டியெர்னி கிளார்க் வடிவமைத்து 1827இல் திறக்கப்பட்ட முதல் பாலம், தேம்ஸ் ஆற்றின் முதல் தொங்கு பாலமாகும். வால்டர் கிரீவ்ஸ் என்ற ஓவியர் 1862 அளவில் தீட்டிய ஓவியம் ஒன்று போட்டி நாளில் அப்பாலத்தைக் காட்டுகிறது. பாலத்தின் மேல்தளம் நிறைந்து வழிகிறது. இடம் கிடைக்காதவர்கள் தொங்கு சங்கிலிகள்மீதே ஏறி உட்கார்ந்திருக்கின்றனர். அந்த ஓவியம் இப்போது லண்டனின் டேட் கலைக்கூடத் தொகுப்பில் உள்ளது.

1870இல் நடந்த போட்டியின்போது 11,000 முதல் 12,000 பேர் வரை பாலத்தின்மீது திரண்டனர். குதிரை வண்டிகளுக்காகக் கட்டிய பாலம் இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்ற அச்சம் உரிமையாளர்களைப் பிடித்துக்கொண்டது. நகரின் போக்குவரத்தும் பெருகிவந்தது. இறுதியில் பழைய பாலம் அகற்றப்பட்டு, அதே அடித்தளத்தின்மீது புதிய பாலம் எழுந்தது. அதை வடிவமைத்தவர் சர் ஜோசப் பேசல்ஜெட். லண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய் அமைப்பைக் கட்டிய பொறியாளரும் அவரே. 1887இல் திறக்கப்பட்ட அந்தப் பாலமே இன்றும் நிற்கிறது.

அந்தப் புதிய பாலத்துக்கும் முதுமை வந்தது. வார்ப்பிரும்புப் பகுதிகளில் விரிசல் காணப்பட்டதால் 2019 ஏப்ரலில் மோட்டார் வண்டிகளுக்கு அது மூடப்பட்டது. 2020 ஆகஸ்டில் நடப்பவர்களுக்கும், அடியில் செல்லும் படகுகளுக்கும்கூடத் தடை விதிக்கப்பட்டது. பாலத்தைப் பற்றிய அச்சம் ஒன்றரை நூற்றாண்டு கழித்து மீண்டும் போட்டியின் வரலாற்றுக்குள் நுழைந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

1877: யார் வென்றது?

1877 மார்ச் 24 அன்று நடந்த போட்டி, இவ்வரலாற்றில் சமநிலையில் முடிந்த ஒரே போட்டி. கடைசிப் பகுதியில் ஆக்ஸ்போர்டு முன்னிலையில் இருந்தது. கொந்தளித்த நீரில் அதன் முன்முனைத் துடுப்பாளரின் துடுப்பு சேதமடைந்தது. கேம்பிரிட்ஜ் நெருங்கி வந்தது. 24 நிமிடம் 8 நொடியில் இரு படகுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிவிடத்தைக் கடந்தன.

அப்போது முடிவிடத்தைக் காட்ட ஆற்றின் இரு பக்கமும் கம்பங்கள் கிடையாது. பார்வையாளர்களின் படகுகள் சுற்றிலும் நெருக்கின. முடிவு சொல்ல நியமிக்கப்பட்டவர் ஜான் ஃபெல்ப்ஸ் என்ற எழுபது வயதைக் கடந்த படகோட்டி. 'நேர்மையான ஜான்' என்று பெயர் பெற்றவர். இரு படகுகளும் சமம் என்று அவர் தீர்ப்பளித்தார். தாங்களே வென்றதாக நம்பிய ஆக்ஸ்போர்டு தரப்புக்கு இது கசந்தது.

பிற்காலத்தில் அவரைப் பற்றிக் கேலிக் கதைகள் வளர்ந்தன. குடித்துவிட்டுப் புதருக்கடியில் தூங்கிவிட்டார் என்றது ஒரு கதை. ஆக்ஸ்போர்டு ஆறடியில் வென்ற சமநிலை என்று சொன்னதாக இன்னொரு கதை. இக்கதைகளுக்கு உறுதியான சான்று கிடையாது. படித்தவர்களின் போட்டிக்கு ஒரு தொழிலாளி தீர்ப்புச் சொன்னதும், அத்தீர்ப்பு ஒரு தரப்புக்குப் பிடிக்காததும் இக்கதைகள் நிலைக்க உதவின எனலாம். நடைமுறையில் விளைந்த பயன் வேறு: முடிவிடத்தில் கம்பங்கள் நடப்பட்டன.

கண்ணால் கண்டு முடிவு சொல்வது எவ்வளவு கடினம் என்பதை 2003ஆம் ஆண்டுப் போட்டி மறுபடி நினைவூட்டியது. 18 நிமிடங்களுக்குமேல் நீண்ட அந்தப் போட்டியில் ஆக்ஸ்போர்டு ஓர் அடி இடைவெளியில் வென்றது. மார்ட்லேக் கரையில் நின்றவர்கள் தீர்ப்பு வரும்வரை யார் வென்றது என அறியாமல் காத்திருந்தனர்.

மூழ்கிய படகுகள்

பந்தயப் படகு மிக மெல்லியது. நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே விளிம்பு கொண்டது. ஓதம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் அடிக்கும்போது தேம்ஸ் கொந்தளிக்கும். 1859இல் கேம்பிரிட்ஜ் மூழ்கியது. 1912இல் இரு படகுகளிலும் நீர் நிறைந்ததால் போட்டி மறுபடி நடத்தப்பட்டு ஆக்ஸ்போர்டு வென்றது. 1925லும் 1951லும் ஆக்ஸ்போர்டும், 1978இல் கேம்பிரிட்ஜும் மூழ்கின. 1984இல் போட்டி தொடங்கும் முன்பே, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு படகில் கேம்பிரிட்ஜ் மோதி முன்முனை உடைந்தது. போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

கரையில் நிற்பவர்களுக்கு இவை வேடிக்கைக் கதைகளாக நிலைத்துவிட்டன. படகில் இருப்பவர்களுக்கோ ஆறு மாதப் பயிற்சி சில நொடிகளில் நீருக்குள் போகிறது. இப்போட்டியில் இரண்டாம் பரிசு கிடையாது. அரையிறுதியோ மறு வாய்ப்போ இல்லை. தோற்றவர்களில் படிப்பை முடித்துச் செல்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் இல்லை.

வானொலியும் பெண்கள் அணியும்: 1927

1927 வசந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் சில வாரங்களுக்குள் நடந்தன. இரண்டும் பார்வையாளர் பற்றியவை.

முதலாவது மார்ச் மாதத்தில் ஆக்ஸ்போர்டில் நடந்தது. இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகளும் முதன்முறை மோதின. மோதின என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. இரு படகுகளும் ஒரே நேரத்தில் ஆற்றில் இறங்க அனுமதிக்கப்படவில்லை. பெண்கள் பக்கம் பக்கமாகப் பந்தயம் விடுவது தகாது எனக் கருதப்பட்டது. ஒவ்வோர் அணியும் தனித்தனியே சென்றது. வேகத்தோடு நடையழகுக்கும் மதிப்பெண் உண்டு. ஆக்ஸ்போர்டு வென்றது. ஆற்றோரப் பாதையில் பெருங்கூட்டம் கூடியது. அதில் எதிர்ப்புக் காட்ட வந்தவர்களும் இருந்தனர்.

இரண்டாவது ஏப்ரல் மாதத்தில் லண்டனில் நடந்தது. ஆண்கள் போட்டியைப் பிபிசி வானொலி முதன்முறை நேரடியாக வருணித்தது. வருணனையாளர்கள் விசைப்படகில் ஏறிப் பந்தயத்தைப் பின்தொடர்ந்தனர். கரையில் நிற்பவர் காண முடியாத முழுப் போட்டியை, ஆற்றையே பார்த்திராதவர்கள் வீட்டிலிருந்து கேட்டனர். 1938இல் தொலைக்காட்சியும் வந்தது. 1931 முதல் 1980 வரை வானொலியில் வருணித்த ஜான் ஸ்நாக், 1949இல் தம் படகு பின்தங்கிப் போகவே, முன்னால் செல்வது யார் என்று தெரியவில்லை, ஆக்ஸ்போர்டாகவோ கேம்பிரிட்ஜாகவோ இருக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆண்கள் போட்டி நாடு முழுவதற்கும் கேட்கத் தொடங்கிய அதே பருவத்தில், பெண்கள் அணிகள் ஒன்றையொன்று பார்க்கக்கூட விடப்படவில்லை. 1981இல் சூ பிரவுன் ஆக்ஸ்போர்டு படகின் சுக்கானியாக அமர்ந்து, ஆண்கள் போட்டியில் பங்கேற்ற முதல் பெண் ஆனார். ஆனால் பெண்கள் போட்டி ஹென்லியில், சிறிய கூட்டத்தின் முன்னால், குறைந்த தூரத்துக்கே தொடர்ந்தது. 2015 ஏப்ரல் 11 அன்றுதான் அது லண்டனுக்கு வந்தது. அதே நாள், அதே பாதை, அதே கரைக் கூட்டம். முதல் போட்டிக்குப் பின் 88 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் ஆக்ஸ்போர்டே வென்றது. இப்போது கரையில் நிற்பவர் ஒரே பிற்பகலில் இரண்டு முதன்மைப் போட்டிகளைப் பார்க்கிறார்.

ஆற்றில் இறங்கிய ஒருவர்: 2012

2012 ஏப்ரல் 7 அன்று, சிஸ்விக் தீவுத்திட்டு அருகே, இரு படகுகளுக்கும் குறுக்கே ஒருவர் நீந்தி வந்தார். துணை நடுவராக இருந்த ஒலிம்பிக் வீரர் மேத்யூ பின்சென்ட் அவரைக் கண்டதும் போட்டி நிறுத்தப்பட்டது. இது நடக்கும்போது இரு அணிகளும் ஏறத்தாழச் சம நிலையில் இருந்தன. அரை மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்கியபோது துடுப்புகள் மோதி, ஆக்ஸ்போர்டு துடுப்பு ஒன்றின் அலகு முறிந்தது. ஏழு துடுப்புகளோடு சென்ற ஆக்ஸ்போர்டு தோற்றது. முடிவில் அதன் முன்முனைத் துடுப்பாளர் மயங்கிச் சரிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

நீந்தி வந்தவர் டிரென்டன் ஓல்ட்ஃபீல்டு என்ற ஆஸ்திரேலியர். மேட்டுக்குடி ஆதிக்கத்தை எதிர்ப்பதே தம் நோக்கம் என்றார். பொதுமக்களுக்குத் தொல்லை விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு அவரை நாட்டைவிட்டு வெளியேற்ற அரசு முயன்றது. மேல்முறையீட்டில் அவர் வென்றார்.

அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இரண்டே பல்கலைக்கழகங்கள் மட்டும் பங்கேற்கும் போட்டி, ஒரு நாட்டின் பொது விழாவாக எப்படி இருக்க முடியும்? ஆனால் அவர் நிறுத்தியது, கட்டணமின்றி எவரும் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியை. அதற்கு விலை கொடுத்தவர்கள் அன்று துடுப்புப் போட்ட மாணவர்கள். இரண்டு உண்மைகளும் அந்த ஆற்றில் ஒன்றாகவே மிதக்கின்றன.

கரை வெறிச்சோடிய ஆண்டு

2020இல் பெருந்தொற்றால் போட்டி கைவிடப்பட்டது. 2021இல் இரண்டு தடைகள் சேர்ந்து வந்தன. கூட்டம் கூடக் கூடாது. ஹாமர்ஸ்மித் பாலத்தின் அடியில் படகு செல்லக் கூடாது. ஆகவே போட்டி கேம்பிரிட்ஜுக்கு வடக்கேயுள்ள ஈலி என்ற ஊரில், கிரேட் ஊஸ் ஆற்றின் நேரான நீர்வழியில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. போர்க்காலத்தில் 1944இல் அதிகாரப்பூர்வமற்ற ஒரு போட்டி அங்கே நடந்திருந்தது. 1829இல் நண்பரோடு சேர்ந்து முதல் போட்டிக்கு வழிவகுத்த சார்லஸ் மெரிவேல், தம் பிற்காலத்தில் இதே ஈலி பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர் என்பது தற்செயலான பொருத்தம்.

2021இல் ஆண்கள் போட்டிக்கு சாரா விங்கிள்ஸ் நடுவராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. இரண்டு போட்டிகளிலும் கேம்பிரிட்ஜ் வென்றது. கரையில் மட்டும் கூட்டமில்லை. 1829இல் முதல் போட்டிக்கே ஹென்லியில் திரண்ட கூட்டத்தை நினைத்தால், அந்த வெறுமையின் அளவு புரியும்.

ஆற்று நீர்

வென்ற அணி தன் சுக்கானியைத் தூக்கி ஆற்றில் எறிவது பழைய வழக்கம். கரையில் இருப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். 2024இல் இந்த வழக்கத்துக்கு எதிராக அணிகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. போட்டிப் பாதையில் எடுத்த நீர் மாதிரிகளில் கழிவுநீரால் வரும் ஈ.கோலை நுண்ணுயிரி மிகுதியாக இருந்ததே காரணம். போட்டிக்கு முன்னரே தங்களில் சிலர் வயிற்றுக் கோளாறால் பாதிக்கப்பட்டதாக ஆக்ஸ்போர்டு அணியினர் தெரிவித்தனர்.

பேசல்ஜெட் அமைத்த கால்வாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகச் செல்கின்றன. இன்றைய லண்டனின் மக்கள்தொகைக்கு அவை போதவில்லை. மழை பெய்தால் உபரி ஆற்றில் கலந்துவிடும். இதைத் தடுக்க ஆற்றின் அடியில் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் கால்வாய் ஒன்று கட்டப்பட்டு, 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. ஆனால் லண்டனுக்கு மேலே உள்ள ஊர்களிலிருந்து வரும் கழிவைச் சுரங்கத்தால் தடுக்க முடியாது. தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒரு பிற்பகலே, ஆற்றின் நிலையை நாட்டுக்கு எடுத்துச் சொல்லும் நேரமாகவும் ஆகிவிட்டது.

யாருடைய போட்டி?

பிரித்தானிய ஆட்சியோடு துடுப்புப் படகு விளையாட்டு நம் பக்கமும் வந்தது. 1867இல் சென்னையில் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கப்பட்டது. 1898 முதல் சென்னை, கொழும்பு அணிகளுக்கிடையே படகுப் போட்டி நடந்து வருகிறது. அடையாற்றிலும் கொழும்பு பெய்ரா ஏரியிலும் துடுப்புப் போடுபவர்கள் இன்றும் உள்ளனர். ஆனால் இங்கே அது பெரிதும் மன்ற உறுப்பினர்களின் விளையாட்டாகவே இருந்துவிட்டது. கரையில் நிற்கும் பொதுமக்களின் நாளாக வளரவில்லை.

லண்டனில் அது வளர்ந்ததற்குக் காரணம், ஆறும் ஆற்றோரப் பாதையும் பொதுவழியாக இருந்ததே. பல்கலைக்கழகங்கள் படகை மட்டுமே கொண்டுவந்தன. கூட்டம் தானாக வந்தது. வந்த கூட்டம் போட்டியை ஊர்விட்டு ஊர் நகர்த்தியது. முடிவிடத்தில் கம்பம் நட வைத்தது. ஒரு பாலத்தையே கவலைக்குள்ளாக்கியது. அதே கூட்டம் 1927இல் பெண்களை எதிர்த்தும் நின்றது. 2015இல் பெண்களுக்காக ஆரவாரமும் செய்தது. படகில் இடம் யாருக்கு என்ற கேள்வியில் இப்போட்டி மிக மெதுவாகவே மாறியது. கரையில் இடம் யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் முதல் நாள் முதலே ஒரே விடைதான்: முதலில் வந்தவருக்கு.